நான் வர்ற வரைக்கும்

கண்ணு, நலம், நலமறிய அவா என்று தொடங்கும் கடிதம் இல்லை இது. போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீயும் நலம், நானும் நலம். அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்ல முடியாது. இருபத்தைந்து வருஷமாக வாயில் வராதது இனிமேலா வரப்போகிறது? நம் வீட்டில் பேச்சு என்றால் உன் அம்மாதான், நான் வெறும் தலையாட்டி. அதனால் ஜூஜுவாடி தபாலாபீஸில் நான்கு இன்லாண்டு லெட்டர் வாங்கி வந்து, போதாது என்று தெரிந்து, உன் பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். இதை இப்போது செல்வியிடம் காட்டாதே. பிள்ளை பிறந்து, அவள் எழுந்து நடமாடி, ஒரு மூன்று மாதம் போனபிறகு வேண்டுமானால் காட்டு. எட்டு மாதக்காரி படிக்கிற சங்கதி இல்லை இது.

வளைகாப்பு குறைவில்லாமல் நடந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ராயக்கோட்டையிலிருந்து சம்பந்தி வேன் வைத்துக்கொண்டு வந்தார். தக்காளி மண்டிக்காரர் கையை வீசிக்கொண்டு வருவாரா, இரண்டு கூடைத் தக்காளியும் இறங்கியது. ஏழு வகைச் சாதம் கிளறி, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் அடுக்கி முடித்த பிறகு, செல்வி உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாக ஒன்று சொன்னாள். நான் நாற்காலி எடுத்துப் போட வந்தவன், அதனால் என் காதிலும் விழுந்தது. "காலையிலருந்து கம்மியா அசையற மாதிரி இருக்குதுங்க" என்றாள். நீ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏழு சாதத்தையும் பார்த்துட்டு மலைச்சுப்போயித் தூங்கறான் போல" என்றாய். கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, மருமகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து நீ உள்ளே எட்டிப் பார்த்தபோது, செல்வி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உன் அம்மா தரையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாமியாரும் மருமகளும் பல்லாங்குழியா ஆடறீங்க" என்று கேட்டாய். பத்தாவது கொட்டை விழுந்த பிறகுதான் உன் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான், உதைத்தான், எல்லாருக்கும் நிம்மதி. சாயங்காலம் அவர்கள் புறப்படும்போது, செல்வி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, நீ உன் மாமனாரிடம் சொன்னாய்: "வலி வந்தா எனக்கு போன் போடுங்க மாமா. பாத்து வச்சிருக்கற ஆஸ்பத்திரி ஓசூர்ல இருக்குது. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நான் வர்ற வரைக்கும் எங்கயும் கொண்டுபோகாதீங்க."

பொறுப்புள்ள மாப்பிள்ளை பேசுகிற பேச்சுதான். சம்பந்தியும் சரி மாப்பிள்ளை என்றார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது, கண்ணு. அதை இதே ஜூஜுவாடியில், இங்கிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டு வாசலில் நின்று, செருப்பு மாட்டிக்கொண்டே நான் சொன்னேன். நீ அப்போது பிறக்கவில்லை. உனக்கு இரண்டு வருஷம் மூத்தவள் ஒருத்தி உன் அம்மா வயிற்றில் இருந்தாள்.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதை உனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் பேசவில்லை, அவள் பேசவில்லை, அவ்வளவுதான்.

தருமபுரிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் நம்முடையது. ஓசூரில் கம்பெனி வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐ.டி.ஐ. படித்த ஒரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். மெஷின் ஷாப்பில் சேர்ந்து, ஒரு வருஷத்தில் இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள். கடைந்து வருகிற சாமானை அளந்து பார்ப்பது, நல்லது இந்தப் பக்கம், கழிசல் அந்தப் பக்கம். ஒரு மயிரிழை கூடினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மூன்று மெஷின் தள்ளி ஒன்றின் சத்தம் லேசாக மாறினால் திரும்பிப் பார்ப்பேன், ஆபரேட்டர் அதற்கப்புறம்தான் பார்ப்பான். சூப்பர்வைசர் என்னை 'பாம்புச்செவி' என்பார். அதில் எனக்குப் பெருமை அதிகம்.

உன் அம்மா உள்ளூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசுவாள். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம் என்பதால் தமிழ் எழுத்து மட்டும் வராது. முதல் பிள்ளை உண்டானதும் அவளாகவே அத்திப்பள்ளியில் ஒரு நர்ஸம்மாவிடம் போய்ப் பார்த்துக்கொண்டாள். அந்தம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டிலேயே நான்கு கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்தார். வாரம் இரண்டு நாள் ஒரு டாக்டரும் வந்து போவார். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகம், நடந்தே அரை மணி நேரம். புளியங்கொட்டை அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஏழு மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுக்க வேண்டும், பிள்ளை ஒரு தடவை அசைந்தால் ஒரு கொட்டை. இரண்டு மணி நேரத்தில் பத்து ஆகவில்லை என்றால் யோசிக்காதே, "பேக பந்துபிடு" என்பாராம். சீக்கிரம் வந்துவிடு என்று அர்த்தம்.

நான்தான் அதைக் கெடுத்தேன். கேன்டீனில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் கம்பெனியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் வேலை, பிறந்த சர்ட்டிபிகேட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று. என்னோடு வேலை பார்த்த ஒருவன், "பொண்டாட்டிய அத்திப்பள்ளிக்கா அனுப்பற? அங்க பொறந்தா கன்னடத்துல எழுதிக் குடுத்துருவான். நாளைக்கு உம்பையன் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்றான். அவனும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். ஒரு காகிதத்தைக் காட்டி வாழ்க்கையில் உள்ளே நுழைந்தவன் நான், எனக்குக் காகிதம் என்றால் பயம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, பிரசவம் ஓசூரில்தான் என்றேன். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து கார்டு வாங்கினேன். ஒன்பதாம் மாதம் அவள் வீங்கிய காலோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போய், வரிசையில் நின்று, காட்டிவிட்டு வந்தாள். ஒரு நாள், "நர்ஸம்மாகிட்டயே போறனே, கிட்ட இருக்குது" என்றாள். "அறிவில்லாம பேசாத" என்றேன்.

பிரசவத்துக்கு என்று அவள் என்னென்ன செய்து வைத்தாள் தெரியுமா? பழைய பருத்திப் புடவைகளைச் சதுரமாகக் கிழித்து, கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து மடித்தாள். சுக்கு, ஓமம், பெருங்காயம் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினாள். ஒரு பையில் மாற்றுப் புடவை, துண்டு, டம்ளர், கார்டு. அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நானும் தயார் செய்தேன். பையனுக்கு இருபது வயதில் என்ன வேலை, எந்த ஷாப்பில், யாரைப் பிடித்தால் நடக்கும் என்பது வரைக்கும். அவன் பிறக்கிற நாளுக்கு என்று நான் ஒன்றையும் தயார் செய்யவில்லை. பையன்தான் என்றும் நானே முடிவு செய்திருந்தேன்.

அன்றைக்குக் காலை ஷிப்ட். நான் டிபன் கேரியரை எடுக்கும்போது அவள் கதவருகே வந்து நின்றாள். "நேத்து ஆறு கொட்டைதாங்க ஆச்சு. காத்தால படுத்துப் பாத்தேன், ஒண்ணுகூட இல்ல. அத்திப்பள்ளி வரைக்கும் போயி கேட்டுட்டு வந்துடலாங்களா?"

"கடைசி மாசத்துல எடம் பத்தாம அடங்கித்தான் கெடக்கும். எல்லாரும் சொல்றாங்க" என்றேன். எல்லாரும் என்றால் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கென்னமோ ஒரு மாதிரி இருக்குதுங்க."

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிச்சு வந்து ஓசூருக்கே கூட்டிட்டுப் போறேன். அந்தப் பக்கம் போயிடாத. நான் வர்ற வரைக்கும் எங்கயும் போகாத."

அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த வீட்டில் அப்போது தலையாட்டி அவள்தான்.

அன்றைக்கு வேலையில் நான் ஒரு தட்டுச் சாமானைக் கழித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. மெஷின் சத்தம் சரியில்லை என்று நிறுத்தச் சொன்னேன், பார்த்தால் பேரிங் போயிருந்தது. சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். அடுத்த ஷிப்ட் ஆள் தாமதமாக வந்தான். ஒரு மணி நேரம் இருந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குப் போகும்போது மூன்றரை. அவள் வாசற்படியில் புடவை மாற்றி, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணியிலிருந்து அப்படியே இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அத்திப்பள்ளி போகிற ரோடு தெரியும்.

ஓசூர் போய்ச் சேர ஐந்து மணி. டாக்டரம்மா புனல் மாதிரி ஒரு குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். சத்தம் கேட்டே சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். குழலை எடுத்துவிட்டு, "கடைசியா எப்பம்மா அசைஞ்சுது?" என்று கேட்டார்.

உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தெரியலீங்க. நான் கவனிக்கல" என்றாள்.

டாக்டரம்மா திட்டினார். "கவனிக்கலையா? வயித்துல வச்சிருக்கறவ நீதான. ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். வார்டில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டை எண்ணி, எண்ணிக்கை குறைந்ததைச் சொல்லி, போகட்டுமா என்று கேட்டு, போகாதே என்று தடுக்கப்பட்டு, ஐந்தரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தவள் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, அவ இல்லீங்க, நான்தான் என்று ஒரே வார்த்தை. அது என் வாயில் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவள் அந்தப் பிள்ளையைப் பெற்றாள். உயிரில்லாத பிள்ளையையும் வலித்துத்தான் பெற வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பெண். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த 'சொல்ல முடியாது'தான் என்னை இத்தனை வருஷமாக விடவில்லை. பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் ஆறியிருப்பேன். பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். முகத்தைப் பார்க்கிறீர்களா என்று ஆயா கேட்டாள். வேண்டாம் என்றேன். துணி சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய், கூட வேலை பார்த்த ஒருவனோடு ஏரிக்கரைப் பக்கம் அடக்கம் செய்தேன். அவளுக்கு மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மடித்து வைத்த பருத்தித் துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு வடித்தாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய மனசு என்று பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ அவள் வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போது ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரம்மா சாவியைக் கொடுத்து, "உங்க ஊட்டம்மா அத்திப்பள்ளி போயிட்டாங்க. இனி பிரசவம் ஆயித்தான் வருவாங்களாம்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறாள். நர்ஸம்மா வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்துகொண்டு, ஒரு மாதம் அங்கேயே தங்கினாள். நான் தினமும் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், வராந்தாவிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். ஒரு நாள் உன் ஆட்டம் குறைந்தது. அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, பக்கத்து அறைக்கு நடந்தாள். அன்றைக்கே வலி வரவைத்து உன்னை எடுத்தார்கள். உனக்கும் கொடி சுற்றியிருந்தது.

அதனால்தான் உன் பிறப்புச் சர்ட்டிபிகேட் கன்னடத்தில் இருக்கிறது. வேலைக்கு மனுப் போடும்போது அதைத் தமிழில் மாற்றி எழுதி வாங்க நீ பத்து நாள் அலைந்தாய். வீட்டுக்கு வந்து, "ஏம்மா, ஓசூர வச்சுக்கிட்டு அங்க போயா பெத்த? உனக்கு அறிவே இல்லயா?" என்று கத்தினாய். நான் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அறிவில்லை என்ற வார்த்தையை அவள் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். நான் இரண்டாம் தடவையும் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் நீ வேலைக்குச் சேர்ந்த பொம்மசந்திரா கம்பெனியில் பிறந்த ஊரை ஒருத்தரும் கேட்கவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த உடனே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ராயக்கோட்டைக்கு போன் போடு. உன் மாமனாரிடம் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி எது கிட்டவோ, வண்டி எது முதலில் கிடைக்கிறதோ, அதில் போகட்டும். நீ பொம்மசந்திராவில் கேட் பாஸ் வாங்கி, பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகும். முதலில் அவள் போகட்டும், நீ பின்னால் போ. புருஷன் முன்னால் நடந்தால்தான் பிரசவம் ஆகும் என்று எங்கேயும் இல்லை.

இன்னொன்று. ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னால் எப்படி, எங்கே, ஏன் என்று கேட்காதே. அவளுக்கே சொல்லத் தெரியாது. நீ செருப்பை மாட்டு. வீணாகப் போய்விட்டு வந்தால் என்ன குடி முழுகிவிடும்? பத்துத் தடவை வீணாகப் போய்விட்டு வா. கால் வீங்கும், படுத்தால் தூக்கம் வராது, ஆடுசதை இழுக்கும், முகம் கடுகடுவென்று இருக்கும், உன்னைக் கண்டாலே எரிந்து விழுவாள். விழட்டும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் தைரியம் சொல்லாதே. பக்கத்தில் உட்கார். நம் குடும்பத்து ஆண்களுக்கு விளக்கம் சொல்கிற வியாதி உண்டு. எனக்கு இருந்தது, உனக்கும் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

இது வரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி எழுதி அனுப்புவது சரியில்லை என்று பட்டது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஏரிக்கரை வந்தபோதுகூடக் கை நிற்கவில்லை. முடித்ததும், கேட்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்ததைக் கேட்டேன். "அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்ப ஏன் அப்படிச் சொன்ன? என்னைக் காப்பாத்தத்தான?"

கீரைத்தண்டை முறித்துப் போட்டாள். "உங்களக் காப்பாத்தறதுக்கு இல்லீங்க. அந்தம்மா உங்களத் திட்டியிருந்தா, நீங்க அங்கயே ரெண்டு பாட்டம் அழுதுட்டு அன்னிக்கே முடிச்சிருப்பீங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கடையில் என்ன விலை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் இத்தனை காலம் அவளோடு சோறு தின்றிருக்கிறேன், கண்ணு. அவள் சொன்னது நியாயம்தான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் ராயக்கோட்டை போகிறாள். சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் தங்குவது முறையில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும், பிரசவம் ஆகிற வரைக்கும் மருமகளோடுதான் இருப்பேன் என்கிறாள். செல்வியின் அம்மாவும் சந்தோஷமாக வரச் சொல்லிவிட்டார். பை கட்டிக்கொண்டிருந்தவளிடம், நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"குழந்த பொறந்தப்புறம் வாங்க" என்றாள்.